வாந்திபேதியின் மருமம் கண்ட மருத்துவர்
பேராசிரியர் சம்புநாத் தே அவர்களின் வாழ்க்கைச் சுருக்கம்

நம் தோட்டப்புற மக்களின் பழங்கதைகளிலே வாந்திபேதி என்னுஞ் சொல்லுக்குத் தனியோர் அச்சம் உண்டு. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் அந்நோய்க்கு இரையாகி வழியிலேயே மடிந்தனர். பிற்காலத்தில் மண்டபம் முகாமிலே கப்பலேறுமுன் மக்களைச் சில நாள் தடுத்து வைத்தமைக்கும் இத்தகைய தொற்றுநோய்கள் பற்றிய அச்சமே காரணமாயிற்று. காலையில் நலமாயிருந்தவன் மாலைக்குள் மாண்டுபோவான். அவன் எவ்வாறு மாண்டான் என்பதை உற்றாரும் அறியார். மருத்துவரும் செவ்வையாக அறியார். அவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்டவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் வங்க நாட்டு மருத்துவப் பேராசிரியர் சம்புநாத் தே ஆவார். அன்னாரின் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

சம்புநாத் தே 1915-ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தார். அவர் குடும்பம் செல்வக் குடும்பமன்று. கல்வியிற் காட்டிய திறமையாற் பெற்ற உதவிப் பணமே அவரை ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும், பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பயில வைத்தது. 1939-இல் மருத்துவப் பட்டமும், 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளோமாவும் பெற்றார். நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டும் வழி திறந்திருந்தும், நோயின் மூலத்தை ஆராயும் நோயியல் துறையிலேயே அவருள்ளம் படிந்தது. 1947-இல் இலண்டன் சென்று, சேர் ரோய் கமரன் என்னும் பேரறிஞரின் கீழ் ஆய்ந்து, 1949-இல் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். நுரையீரலில் நீர் கோத்தல் எவ்வாறு நேர்கிறது என்பது ஆங்கு அவர் ஆய்ந்த பொருள்களுள் ஒன்று. உடலுக்குள் நீர் இடம் மாறுவது எங்ஙனம் என்னும் இச்சிந்தனையே வாந்திபேதி ஆய்விலும் அவருக்குக் கைகொடுத்தது போலும்.

தாயகம் மீண்ட அவர் முன்னே அந்நோய் வீட்டு வாயிலிலேயே நின்றது. கங்கையின் கழிமுகப் பகுதி வாந்திபேதியின் பிறப்பிடம் என உலகம் கருதிய நிலம். 1884-ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் கல்கத்தாவில் ஆய்வு நடத்தி, வளைந்த வடிவுடைய நுண்கிருமியொன்றே இந்நோய்க்குக் காரணமென நிலைநாட்டினார். அக்கிருமி ஒருவகை நஞ்சினைச் சுரக்கின்றதென்றும் அவர் கருதினார். ஆயின் அந்நஞ்சினைக் காட்டுவார் எவருமின்றி எழுபது ஆண்டுகள் கழிந்தன. ஆய்வாளர் பலர் கிருமியை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் ஏற்றிப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, எனினும் அவற்றுக்குப் பேதி காணவில்லை. மடிந்த கிருமிகளின் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சு குருதியிற் கலந்து கொல்லுகின்றதென்றும், குடலின் உட்தோல் உரிந்து போவதே பேதிக்குக் காரணமென்றும் கருத்துக்கள் வேரூன்றின.

தே அவர்களோ வினாவையே மாற்றிக் கேட்டார். நோய் குடலில் நிகழுமாயின், குருதியிலே தேடுவானேன்? நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு புறமும் நூலாற் கட்டி, இடைப்பட்ட துண்டுக்குள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாட் பார்க்குங்கால் அத்துண்டு நீரால் நிரம்பிப் புடைத்திருந்தது. அந்நீர் வாந்திபேதி நோயாளி கழிக்கும் அரிசி கழுவிய நீரை ஒத்திருந்தது. கிருமி செலுத்தாத துண்டோ வெறுமையாய்ச் சுருங்கிக் கிடந்தது. இச்சோதனையை 1953-இல் வெளியிட்டார். ஒரு முயல், ஒரு நூல், ஓர் ஊசி, இவற்றோடு கூர்த்த அறிவு. இவையே அவர்தம் கருவிகள். இம்முறை கொண்டே 1956-இல், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வேறு குடற்கிருமிகளையும் தம் துணைவரோடு ஆய்ந்து வெளியிட்டார்.

ஆயினும் நீரைச் சுரக்கச் செய்வது உயிருள்ள கிருமியோ, அது வெளியிடும் நஞ்சோ என்னும் ஐயம் எஞ்சி நின்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறைத் தலைவராயிருந்த காலத்தில் அதனையுந் தீர்த்தார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாதவாறு தெளித்து, அத்தெளிநீரை மட்டும் குடற்றுண்டிற் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. எனவே கிருமி வெளியே உமிழும் நஞ்சே நோயின் வேர் என்பது ஐயமற விளங்கியது. நேச்சர் என்னும் உலகப் புகழ் இதழில் 1959 மே மாதம் இச்செய்தி வெளிவந்தது. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவன அறிஞரும் வேறொரு முறையால் இதனையொத்த முடிவை எய்தினர்.

இதன் பயன் யாதென நம் மாணவர் வினவலாம். இந்நஞ்சு குடலின் உட்தோலை அழிப்பதன்று. அத்தோலின் நுண்ணறைகளைத் தூண்டி, உடலின் நீரையும் உப்பையும் ஓயாது குடலுக்குள்ளே வெளியேறச் செய்வது. கடும் நோயாளி ஒருவர் மணிக்கு ஒரு லீற்றர் அளவு நீரை இழத்தலும் உண்டு. குருதி வற்றுகின்றது, நாடி தளர்கின்றது, உயிர் பிரிகின்றது. அவனைக் கொல்வது நீரிழப்பே. ஆகவே இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்தால் உயிர் தங்கும். நோயுற்ற குடலிலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உள்ளே ஏற்கும் வாயில் அடைபடுவதில்லை எனப் பிற அறிஞர் கண்டனர். 1971-இல் வங்கதேசப் போரின்போது பொங்கான் அகதி முகாமிலே, ஊசி மருந்து பற்றாத நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையுங் கலந்த நீரை வாய்வழி பருகக் கொடுத்தார். 30 வீதம் வரை இருந்த இறப்பு, அவ்வாறு பேணப்பட்டோரிடையே 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் ஜீவனி என்னும் பெயரில் ஒவ்வொரு மருந்துச்சாலையிலும் கிடைக்கும் பொதி அக்கலவையே. பலர் கைபட்டு நிறைந்த அவ்வறிவிலே தே அவர்களின் முயற்சியும் ஓர் அடிக்கல்லாகும்.

இத்துணைப் பெரும்பணி செய்தவரை அவர்தம் நாடு போற்றியதா? இல்லையென்றே வருந்திக் கூற வேண்டியுளது. 1959-இற் கட்டுரை வெளிவந்தபோது ஆரவாரம் எதுவும் எழவில்லை. அந்நஞ்சினைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் பணி 1969-இல் அமெரிக்காவில் நிறைவேறிற்று. இந்தியாவின் அறிவியற் கழகங்கள் எவையும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. அரசுப் பட்டங்களும் அவரை நாடி வரவில்லை. நொபெல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பேர்க், அப்பரிசுக்கு இவர் பெயரை ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்தார், அதுவும் கைகூடவில்லை. 1973-இல் ஓய்வு பெற்ற அவரை 1978-இல் சுவீடன் நாட்டு நொபெல் கருத்தரங்கு அழைத்துப் பெருமை செய்தது. 1985 ஏப்பிரல் 15-ஆம் நாள் எழுபதாம் அகவையில் அவர் காலமானார். 1990-இல் கரண்ட் சயன்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டபோதே தம்மவர் பலர் அவரை அறியலாயினர்.

எமது பள்ளிகளிலே கருவியில்லை, கூடமில்லை, ஆதலின் ஆய்வு எமக்கு எட்டாக்கனி எனச் சலிப்போர் உளர். குறை உண்மையே, அதனை நீக்க வேண்டுவதும் கடனே. எனினும், கருவி வருமட்டும் வினாவை ஒத்தி வைத்தல் வேண்டாம் என்பதை இப்பெரியாரின் வாழ்வு உணர்த்துகின்றது. உலகமே குருதியில் தேடியபோது குடலிலே தேட வேண்டுமென எண்ணுதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. நோய் நம் லயங்களிலே, நம் பீலிகளிலே, நம் கண்ணெதிரிலே இருக்கையில், அதனை உற்று நோக்குங் கடமையும் நம்முடையதே. பாராட்டு வந்தாலும் வாராதொழிந்தாலும் உண்மை நிலைபெறும். தாகத்தால் வாடிய குழந்தையின் வாயிலே ஒரு தாய் கரண்டி கரண்டியாக ஜீவனி நீர் ஊட்டும்போது, அவள் அறியாமலே சம்புநாத் தே அவர்களின் உழைப்பு அங்கே பயன் தந்துகொண்டிருக்கின்றது.