மக்காரிசனும் அவர்தம் தராசும்

குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் படியேறுவோரிற் சிலர் இக்காலத்தே இடையில் நின்று, மணிக்கட்டிற் கட்டிய கருவியில் தம் நாடித்துடிப்பின் எண்ணை நோக்குகின்றனர். தாம்பரத்தினின்று சென்ற நாமும் நோக்கினோம். ஆளுக்கொரு கருவி, கருவிக்கோர் எண். எதனை நம்புவதென்ற வழக்கு மலையிறங்கியும் தீரவில்லை. உடல்நலத்தை எதனால் அளப்பது என்னும் இவ்வினாவோடு நீலகிரிக் குன்னூரில் நெடுங்காலம் உழைத்த ஒருவரை அப்போது நினைந்தோம்.

சர் இராபர்ட் மக்காரிசன் 1878-இல் அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்தார். 1901-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து, பின்னர்க் கில்கித்து மலைநாட்டை அடைந்தார். ஆங்குக் கழுத்துக்கழலை மிகுதி. அதன் காரணத்தை அறிய, மாசு கலந்த நீரைத் தாமும் பருகினார். இசைந்த பிறரையும் பருகச் செய்தார். ஆகவே, அவர் முதலில் தேர்ந்த கருவி மனித உடலே.

குன்னூரில் அவருடைய உணவாராய்ச்சி 1918-இல் தொடங்கிற்று. அரசாங்கத்தின் செலவுக் குறைப்பால் 1923-இல் நின்று, 1925-இல் மீண்டும் நடைபெற்றது. இந்நாட்டாரிற் சிலர் வலியராயும் சிலர் மெலியராயும் இருப்பது குலத்தின் இயல்பென்று அந்நாளிற் பலர் கருதினர். மக்காரிசன் ஒரே இனத்து வெள்ளெலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் முழுக்கோதுமை அப்பம், பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. மற்றொன்றுக்குச் சென்னை மாகாணத்தார் உண்ட, அரிசியே மிக்க உணவு. இவ்வாறே ஏனையோர் உணவும் பிற கூட்டங்களுக்கு அளிக்கப்பெற்றது. பின்னர்த் தராசில் நிறுத்தபோது, சீக்கியர் உணவுண்டவை சராசரி 235 கிராம். நம்மவர் உணவுண்டவை 155 கிராமே. ஏழு கூட்டங்களிற் கடைசி இடம் நமதே! நாணத்தக்க செய்திதான். எனினும் எலிகள் யாவும் ஓரினத்தன. ஆதலின் குறை குலத்திலன்று, கலத்தில் என்பது புலனாயிற்று.

தராசு ஒன்றையே அவர் நம்பினாரல்லர். இறந்த எலிகளை அறுத்து, நுரையீரலையும் குடலையும் ஆராய்ந்தார்; எடை காட்டாத நோய்களை அங்கே கண்டார். இதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். எலிக்குற்றது மனிதர்க்கும் அவ்வளவிலே உறுமோ என்பது வேறு வினா.

அவர் 1933-இல் சர் பட்டம் பெற்றார். 1935-இல் ஓய்வுற்றுத் தாயகம் திரும்பினார். அவர் வளர்த்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது. ஈராண்டு கழித்து அவரும் காலமானார்.