துருக்கி வீரர்களின் காயம் ஆற்றிய டாக்டர் அன்சாரி

இராஜபாளையத்திற்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் நீங்கள் போயிருக்கலாம். தெருவுக்குத் தெரு தறிகளின் ஓசை கேட்கும். அங்கே நெய்யப்படுவது பெரும்பாலும் உடுக்கும் துணியன்று. புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணி. வலைபோல் மெல்லியதாக நெய்து, வெளுத்து, சுருட்டி அனுப்பப்படும் அத்துணி நம் நாட்டு மருத்துவமனைகளுக்கும், கடல் கடந்த தேசங்களுக்கும் செல்கிறது. தம் துணி எவருடைய காயத்தை மூடப்போகிறது என்பது நெய்தவருக்குத் தெரியாது. அதை நெய்தவர் யார் என்பது காயம்பட்டவருக்கும் தெரியாது.

கூலிக்குச் செய்யும் தொழிலிலேயே இத்தனை நன்மை இருக்குமானால், கூலியை எண்ணாமல், அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடி, முகமறியாத வீரர்களின் காயத்திற்குக் கட்டுப் போடுவதற்காகக் கடல் கடந்து சென்றவரை நாம் எவ்வளவு போற்ற வேண்டும்! அத்தகைய பெருமகனார் ஒருவரின் வாழ்வை இந்த ஜும்ஆ நாளில் நினைவுகூர்வோம். அவர்தாம் டாக்டர் முக்தார் அகமது அன்சாரி.

காயம்பட்டோரைப் பேணுவது இஸ்லாத்தில் நேற்று வந்த வழக்கமன்று. அகழ்ப்போரின்போது ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் தங்கவைத்துத் தாமே அருகிருந்து நலம் விசாரித்தார்கள். அக்கூடாரத்தில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணி என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழும் இடத்தை ஒட்டியே மருந்திடும் இடமும் அமைந்ததை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்சார் என்றால் உதவியாளர்கள் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பத்தில், 1880ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த யூசுப்பூரில் பிறந்தார் நம் டாக்டர்.

அவருடைய தமையன்மார் யுனானி வைத்தியத்தில் பேர் பெற்ற ஹக்கீம்கள். அவர்களுள் ஒருவர் கண்பார்வை இல்லாமலே நாடி பிடித்து நோயறிந்தவர். இளையவரோ ஆங்கில வைத்தியத்தை நாடினார். ஹைதராபாத்தில் பயின்று, நிஜாம் அரசின் உதவித்தொகை பெற்றுப் பிரிட்டன் சென்றார். எடின்பரோவில் வைத்தியத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் உயர் பட்டங்கள் பெற்றார். லண்டன் சாரிங்கிராஸ் மருத்துவமனையில், இந்தியர் ஒருவர் எளிதில் எட்ட முடியாத பொறுப்புகளை வகித்தார். அங்கேயே தங்கியிருந்தால் செல்வமும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்திருக்கும். ஆயினும் 1910இல் தாயகம் திரும்பி, டில்லியில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். விரைவிலேயே அவருடைய கைராசி நகரெங்கும் பேசப்பட்டது.

அவ்வேளையில்தான் 1912 அக்டோபரில் பால்கன் யுத்தம் மூண்டது. பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து துருக்கிப் பேரரசின்மீது பாய்ந்தன. சில வாரங்களுக்குள் துருக்கிப் படைகள் தலைநகருக்கு அருகிலுள்ள சதால்ஜா அரண்வரை பின்வாங்கின. குண்டுபட்டு வீழ்ந்தவர்கள் ஒருபுறம். காலரா கண்டு வீழ்ந்தவர்கள் மறுபுறம். வீடிழந்து ஓடிவந்த அகதிகளால் கான்ஸ்டான்டிநோபிள் நகரப் பள்ளிவாசல்கள் நிறைந்தன. புகழ்மிக்க அயா சோபியா பள்ளிவாசலிலேயே காலரா கண்ட வீரர்களைக் கிடத்தவேண்டிய நிலை வந்தது.

அச்செய்திகள் இந்திய முஸ்லிம்களின் நெஞ்சை உலுக்கின. துருக்கி சுல்தானை அவர்கள் கலீபாவாக மதித்த காலம் அது. மௌலானா முகம்மது அலி தம்முடைய காம்ரேட் பத்திரிகையில் உதவி கோரி எழுதினார். நகரங்கள்தோறும் நிதி திரட்டப்பட்டது. செல்வர்கள் மட்டுமன்றி ஏழைகளும் கொடுத்தார்கள். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பணம் தானாகப் போய்க் காயத்தைக் கட்டாது. கட்டத் தெரிந்த கைகள் வேண்டும். தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அந்தக் கைகளை அளித்தவர் டாக்டர் அன்சாரி. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்திரண்டு. வைத்தியத் தொழில் செழிக்கத் தொடங்கிய நேரம். அதை அப்படியே விட்டுவிட்டு அவர் புறப்பட்டார்.

1912 டிசம்பரில் அகில இந்திய மருத்துவத் தூதுக்குழு பம்பாயிலிருந்து கப்பலேறியது. டாக்டர்களோடு, வைத்தியம் படித்திராத இளைஞர்களும் அக்குழுவில் இருந்தார்கள். அலிகாரில் படித்துக்கொண்டிருந்த சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீக்கி, ஷுஐப் குறைஷி, பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் முதலியோர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உடன் சென்றார்கள். செல்வாக்குள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். ஊர் பேர் தெரியாத துருக்கி விவசாயியின் மகனுக்குப் புண்ணைக் கழுவி, கட்டு மாற்றி, கஞ்சி ஊட்டும் வேலையை அவர்கள் விரும்பி ஏற்றார்கள். சேவைக்கு அந்தஸ்து இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடச் சிறந்த உதாரணம் வேறு வேண்டுமா?

குழுவினர் முதலில் தலைநகரின் மருத்துவமனையில் பணியாற்றினார்கள். பின்னர் சதால்ஜா போர்முனைக்கு அருகில் உமர்லி என்னும் ஊரில் கள மருத்துவமனை அமைத்தார்கள். குளிர்காலம் அது. இந்திய வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் புதிது; மொழியும் புதிது. 1913 பிப்ரவரியில் போர்நிறுத்தம் முறிந்து சண்டை மீண்டும் தொடங்கவே, காயம்பட்டோர் வரவும் பெருகியது. நூல் பல படித்த அறுவைச் சிகிச்சை நிபுணர் அங்கே கூடாரத்தில் நின்று வேலை செய்தார். நடப்பனவற்றை அவர் கடிதங்களாக எழுதியனுப்ப, காம்ரேட் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. நிதி கொடுத்த மக்கள் தங்கள் காசு என்ன ஆயிற்று என்பதை அவற்றால் அறிந்தார்கள். பொதுப்பணத்தைக் கையாளும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும். மக்களிடம் வாங்கியது அமானிதம். அதற்கு மக்களிடம் கணக்குச் சொல்வதும் இபாதத்தின் ஒரு பகுதியே.

அன்சாரி வீரர்களை மட்டும் எண்ணவில்லை. பால்கன் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட அகதிக் குடும்பங்களை அனதோலியாவில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தவேண்டும் என்றும் திட்டமிட்டார். 1913 மே மாதம் லண்டனில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலையில் குழுவினர் தாயகம் திரும்பினார்கள். பெஷாவர் அப்துர் ரஹ்மான் மட்டும் துருக்கியிலேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் துருக்கியின் தூதராகக் காபூலுக்கு அனுப்பப்படும் அளவுக்கு அந்நாடு அவரைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டது.

இங்கே உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழலாம். அந்த யுத்தத்தில் துருக்கி ஐரோப்பாவிலிருந்த தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. அடுத்து வந்த உலக யுத்தத்தில் பேரரசே சிதைந்தது. கிலாபத்தைக் காக்க இந்திய முஸ்லிம்கள் பெரும் இயக்கம் நடத்தினார்கள். 1920 ஜனவரியில் வைஸ்ராயைச் சந்தித்த தூதுக்குழுவுக்கு அன்சாரியே தலைமை தாங்கினார். ஆயினும் 1924 மார்ச்சில் துருக்கியின் தேசிய சபையே கிலாபத்தை ஒழித்துவிட்டது. அப்படியானால் அன்சாரியும் தோழர்களும் பட்ட பாடெல்லாம் வீண்தானா?

வீணன்று என்று நாம் உறுதியாகச் சொல்லலாம். பேரரசுகள் எழுவதும் வீழ்வதும் அல்லாஹ்வின் நாட்டம். அடியானிடம் கேட்கப்படுவது அவனுடைய நிய்யத்தும், அவன் கைக்கு எட்டிய செயலுமே. உமர்லியின் கூடாரத்தில் இரத்தம் நிறுத்தப்பட்ட ஒரு வீரன் உயிர் பிழைத்துத் தன் தாயிடம் திரும்பியிருப்பானேயானால், அந்த நன்மையை எந்தச் சமாதான ஒப்பந்தமும் அழித்துவிட முடியாது. உயிர்காத்தலைத் திருமறை எத்துணை உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே பேரரசின் எல்லை பேசப்படவில்லை, உயிர்தான் பேசப்படுகிறது.

அன்சாரியின் பிற்கால வாழ்வே இதற்குச் சான்று. வெளிநாட்டில் கற்ற பரிவை அவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. 1918இல் டில்லியில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் வரவேற்புக் குழுத் தலைவராக அவர் ஆற்றிய உரையை அரசாங்கம் தடை செய்தது. அதற்காக அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. 1924இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில், மௌலானா முகம்மது அலியின் இல்லத்தில் தொடங்கி, காந்தியடிகள் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அவருடைய உடல்நிலையைக் கவனித்த வைத்தியர் அன்சாரியே. துருக்கி வீரனின் நாடியைப் பிடித்த அதே கை, மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த தேசத் தலைவரின் நாடியையும் அதே கவலையுடன் பிடித்தது.

தமிழ் மக்களுக்கும் அவர் அந்நியர் அல்லர். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவரே. சைமன் கமிஷனைப் பகிஷ்கரிப்பது என்றும், பூரண சுயராஜ்யமே நாட்டின் குறிக்கோள் என்றும் தீர்மானங்கள் நிறைவேறிய மகாசபை அது.

இன்னொன்றும் உண்டு. 1920இல் அலிகாரில் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் கல்விக்கூடம் கிலாபத் நிதியைக் கொண்டே நடந்துவந்தது. கிலாபத் இயக்கம் ஓய்ந்ததும் அந்நிதியும் வற்றியது. கல்விக்கூடத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஹக்கீம் அஜ்மல் கானும் டாக்டர் அன்சாரியும் அதை மூடவிடாமல் 1925இல் டில்லிக்குக் கொண்டுவந்து காத்தார்கள். அஜ்மல் கான் 1927 இறுதியில் மறைந்தபின், அன்சாரி அதன் வேந்தராகி, தம் இறுதி நாள்வரை அந்தச் சுமையைச் சுமந்தார். ஒரு நோக்கம் தோற்றபின் மனமொடிந்து உட்காராமல், மிஞ்சியிருப்பதைக் காப்பாற்ற முனைவது எவ்வளவு அரிய குணம்!

1936 மே 10ஆம் நாள் இரவு, மசூரியிலிருந்து டில்லிக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, இதய நோயால் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது ஐம்பத்தைந்து. அவர் காத்து வளர்த்த ஜாமியாவின் மண்ணிலேயே அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1938இல், சீன வீரர்களுக்கும் மக்களுக்கும் சிகிச்சை செய்ய டாக்டர் கோட்னிஸ் உள்ளிட்ட ஐந்து இந்திய வைத்தியர்கள் புறப்பட்டுச் சென்றார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் அன்சாரி நடந்த பாதையில் தேசமே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அன்பர்களே! நாம் எல்லோரும் போர்முனைக்குப் போகப் போவதில்லை. ஆயினும் காயம் போர்முனையில் மட்டுமா உண்டு? அரசு மருத்துவமனை வாசலில் துணையின்றி அமர்ந்திருக்கும் முதியவர் உண்டு. இரத்தம் வேண்டி அலையும் உறவினர் உண்டு. உங்கள் தெருவிலேயே மருந்து வாங்க வழியின்றி நோயை மறைத்து வாழும் தாய் உண்டு. சமூகத்தில் சிலரேனும் முன்வந்து நிறைவேற்ற வேண்டிய பர்ளு கிபாயாவாக அறிஞர்கள் வைத்தியத்தைக் கருதியிருக்கிறார்கள். அந்தச் சிலருள் ஒருவராக நீங்களோ உங்கள் பிள்ளையோ ஏன் இருக்கக்கூடாது? கொடுக்கப் பணம் இல்லாவிட்டாலும் கட்டுப் போட இரண்டு கைகளை இறைவன் தந்திருக்கிறான்.

அடுத்த முறை சத்திரப்பட்டித் தறியோசை உங்கள் செவியில் விழும்போது, குளிர் நிறைந்த உமர்லியின் கூடாரத்தையும், அங்கே குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அந்த இளம் டாக்டரையும் எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்காக ஒரு துஆச் செய்யுங்கள். பிறர் துயர் துடைக்கும் கரங்களாக நம் கரங்களையும் ஆக்கி, அச்செயலில் இக்லாஸையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.