கறுப்பின வரலாற்றின் தந்தை கார்ட்டர் ஜி. வூட்சன் (1875 – 1950)

அறிமுகம்

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் பெப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. பிரித்தானியாவில் இது ஒக்டோபர் மாதத்தில் நடைபெறும். இக்காலத்தில் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் பொது மண்டபங்களிலும் கண்காட்சிகள், சொற்பொழிவுகள், நாடகங்கள், இசை நிகழ்ச்சிகள் எனப் பலவும் இடம்பெறுகின்றன. இவற்றுக்கெல்லாம் வித்தாக அமைந்தது 1926 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு வாரக் கொண்டாட்டமாகும். அதனைத் தொடக்கி வைத்தவர் கார்ட்டர் கொட்வின் வூட்சன் என்னும் வரலாற்றாசிரியர்.

கறுப்பின மக்கள் பலர் வாக்களிக்க முடியாமலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லாமலும் வாழ்ந்த காலத்தில், ஒருவர் தமது வாழ்நாள் முழுவதையும் வரலாற்றுக்காக ஏன் செலவிட்டார்? மனித உரிமைக்கும் வரலாற்றுப் பாடத்திற்கும் என்ன தொடர்பு? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு அவரது வாழ்க்கையைப் படிப்போம்.

(குறிப்பு: அக்காலத்தில் கறுப்பின மக்கள் தம்மையும் "நீக்ரோ" என்றே குறிப்பிட்டனர். இன்று அச்சொல் வழக்கில் இல்லை. எனவே வூட்சன் காலத்து அமைப்புகள், நூல்கள் ஆகியவற்றின் பெயர்களில் மாத்திரம் அது இங்கு இடம்பெறுகின்றது.)

பிறப்பும் இளமையும்

வூட்சன் 1875 டிசெம்பர் 19 ஆம் திகதி வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கன்ரன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் வூட்சன், தாய் ஆன் எலைசா. இருவரும் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். 1861 – 1865 காலப்பகுதியில் நடைபெற்ற உள்நாட்டுப் போரில் தந்தையார் அடிமைத்தளையிலிருந்து தப்பி வடமாநிலப் படையினருக்கு உதவியவர்.

1865 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் வறுமை ஒழியவில்லை. வூட்சன் படித்த கிராமப் பாடசாலை ஆண்டில் சில மாதங்கள் மாத்திரமே திறந்திருந்தது. ஏனைய காலத்தில் அவர் வயல் வேலை செய்தார். தந்தைக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எனினும் எவர் முன்னிலையிலும் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்பதைத் தம் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்தார்.

சுரங்கத்தில் கிடைத்த கல்வி

இளம் வயதில் வூட்சன் மேற்கு வர்ஜீனியாவுக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளியானார். அங்கு ஒலிவர் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த அவர் தமது வீட்டில் சிறிய சிற்றுண்டிச்சாலை ஒன்றையும் நடத்தினார். மாலை வேளைகளில் தொழிலாளர் அங்கு கூடுவர். ஜோன்ஸ் நூல்களையும் பத்திரிகைகளையும் வாங்கி வைத்திருந்தாரேயன்றி அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனவே வூட்சன் அவற்றை உரத்து வாசிப்பார். அதற்கு ஈடாக அவருக்குத் தின்பண்டங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

வாசிப்பு முடிந்ததும் விவாதம் தொடங்கும். போர்க்களத்தில் நின்றவர்கள் தாம் கண்டவற்றைக் கூறுவர். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு, எழுத்தறியாத மனிதர்களின் நினைவில் இருப்பதை இளைஞரான வூட்சன் அங்கு கண்டுகொண்டார். மக்கள் கூடும் இடத்திலேயே வரலாறு பேசப்பட வேண்டும் என்ற அவரது பிற்கால எண்ணத்திற்கு இந்த மாலை வேளைகள் அடித்தளமாயின எனலாம்.

உயர்கல்வி

1895 இல், தமது 20 ஆவது வயதை அண்மித்த வேளையில், ஹன்ரிங்டன் நகரிலுள்ள டக்ளஸ் உயர்தரப் பாடசாலையில் வூட்சன் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் கல்வியை முடித்து ஆசிரியரானார். 1900 இல் அதே பாடசாலைக்கு அதிபராகத் திரும்பி வந்தார். 1903 இல் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியில் பட்டம் பெற்றார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகக் கற்ற கல்லூரி அது. மறு ஆண்டே அம்மாநிலம் அவ்வாறு சேர்ந்து கற்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

1903 முதல் 1907 வரை அவர் அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில் கல்விப் பணியாற்றினார். அங்கு அமெரிக்கப் பாடநூல்களைக் கொண்டு கற்பித்த பலர் தோல்வி கண்டனர். மாறாக, ஆப்பிள் மரத்தைப் பாடுவதற்குப் பதிலாகப் பிள்ளைகள் ஏறி உலுக்கிய நாவல் மரத்தைப் பாடவைத்து, ஜோர்ஜ் வாசிங்டனின் கதைக்குப் பதிலாக அந்நாட்டு வீரர் ஹோசே ரிசாலின் கதையைக் கூறிய ஓர் ஆசிரியர் வெற்றி கண்டார். பிள்ளையின் சொந்த வாழ்விலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்பதற்கு இவ்வுதாரணத்தை வூட்சன் பின்னர் தமது நூலில் எடுத்துக்காட்டினார்.

1908 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும், 1912 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறைக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஹாவார்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் இவரேயாவார். முதலாமவர் டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் (1895). எனினும் அமெரிக்க வரலாற்று நூல்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இடம்பெற்ற சில இடங்களிலும் எதனையும் சாதிக்காதவர்களாகவே காட்டப்பட்டனர்.

சங்கத்தின் தோற்றம்

1915 ஆம் ஆண்டு கோடைகாலத்தில், அடிமைமுறை ஒழிந்த 50 ஆவது ஆண்டு நிறைவையொட்டிச் சிக்காகோவில் பெரும் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பல்லாயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அதனைக் காணத் திரண்டனர். அங்கு நூல்களையும் படங்களையும் காட்சிக்கு வைத்த வூட்சன், தம் முன்னோரைப் பற்றி அறிய மக்களுக்கு இருந்த ஆவலை நேரிற் கண்டார். 1915 செப்டெம்பர் 9 ஆம் திகதி, அந்நகரிலேயே, ஒரு சிலருடன் சேர்ந்து நீக்ரோ வாழ்வு, வரலாறு ஆகியவற்றை ஆராயும் சங்கத்தைத் தாபித்தார். 1916 ஜனவரியில் நீக்ரோ வரலாற்றுச் சஞ்சிகையை வெளியிட்டார். 1920 களின் தொடக்கத்தில் சொந்தப் பதிப்பகமும் தோன்றியது. 1922 இல் அவரது பாடநூலான "நமது வரலாற்றில் நீக்ரோ" வெளியாயிற்று.

இக்காலத்தின் கொடுமையையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1896 இல் உயர் நீதிமன்றம் இனப் பிரிவினையைச் சட்டரீதியானதென ஏற்றுக்கொண்டிருந்தது. தென்மாநிலங்களில் கும்பல்கள் கறுப்பினத்தவரைக் கொலை செய்தன. 1919 யூலையில் தலைநகர் வாசிங்டனிலேயே இனக்கலவரம் மூண்டது. வீதியில் சென்றுகொண்டிருந்த வூட்சன், ஒரு கும்பல் கறுப்பினத்தவர் ஒருவரைப் பிடித்துச் சுடுவதைக் கண்ணாற் கண்டார். தாமும் மறைந்து நின்றே உயிர் தப்பினார். கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கும் அன்று வீதியில் பாதுகாப்பில்லை.

ஓர் இனத்துக்கு வரலாறு இல்லையென்று பாடநூல்கள் கற்பிக்கும்போது, அவ்வினத்தைத் தாழ்வாக நடத்துவது இயல்பானதெனப் பிள்ளைகள் நம்பத் தொடங்குவர். வீதியில் நடக்கும் கொலைக்கு வகுப்பறையே வழி திறந்துவிடுகின்றது என்பது வூட்சனின் கருத்தாகும். அதனாலேயே அவர் வரலாற்றை உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியாகக் கண்டார்.

வரலாற்று வாரம்

ஆய்வுச் சஞ்சிகையைப் படிப்பவர் சிலரே. சாதாரண மக்களிடம் வரலாற்றைக் கொண்டு செல்வது எவ்வாறு? வூட்சனின் தூண்டுதலால் ஒமேகா சை பை என்னும் கறுப்பின மாணவர் சகோதரத்துவ அமைப்பு 1924 இல் இத்தகைய ஒரு வாரத்தை நடத்தியது. அதனை மேலும் விரிவாக்க விரும்பிய அவர், தமது சங்கத்தின் மூலம் 1926 பெப்ரவரி மாதத்தில் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடக்கி வைத்தார்.

பெப்ரவரி மாதம் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தை வெளியிட்ட ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் பிறந்த தினம் பெப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புத் தலைவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸின் பிறந்த தினம் பெப்ரவரி 14 இல் கொண்டாடப்பட்டது. இவ்விரு நாட்களிலும் மக்கள் ஏற்கெனவே கூட்டங்கள் நடத்தி வந்தனர். அவ்வழக்கத்தையே வூட்சன் பயன்படுத்திக்கொண்டார். எனினும் இரு பெருந்தலைவர்களோடு நின்றுவிடாது, பெயர் அறியப்படாத எண்ணற்ற மக்களின் பங்களிப்பும் போற்றப்பட வேண்டுமென அவர் வலியுறுத்தினார்.

முதல் ஆண்டிலேயே வட கரோலினா, டெலவெயர், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் கல்வித் திணைக்களங்களும், பால்ற்றிமோர், வாசிங்டன் ஆகிய நகரங்களின் பாடசாலை நிர்வாகங்களும் ஒத்துழைத்தன. சங்கம் படங்கள், பாடக்குறிப்புகள், சிறு நாடகங்கள், முக்கிய திகதிகள் கொண்ட சுவரொட்டிகள் முதலியவற்றைத் தயாரித்து அனுப்பியது. அவற்றைக் கொண்டு ஆசிரியர்கள் பாடசாலைகளிலும், போதகர்கள் தேவாலயங்களிலும் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தனர்.

இவ்வாரம் ஒரு பரீட்சை போன்றது. ஆண்டு முழுவதும் கற்றதை வெளிக்காட்டும் காலமாகவே வூட்சன் இதனைக் கருதினார். ஆண்டு முழுவதும் படிக்காமல் ஒரு வாரம் மாத்திரம் கொண்டாடினாற் பயனில்லை. வரலாறு நேர்மையாகக் கற்பிக்கப்பட்டால் தனியான வாரமே தேவைப்படாத காலம் வரும் என்பதும் அவரது எதிர்பார்ப்பாகும்.

இடர்களும் உறுதியும்

ஹாவார்ட் என்பதிலிருந்து வேறான, வாசிங்டனிலுள்ள ஹவார்ட் கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் வூட்சன் 1919 இல் பீடாதிபதியானார். தலைவருடன் ஏற்பட்ட முரண்பாட்டினால் அடுத்த ஆண்டே அப்பதவியை இழந்தார். சங்கத்துக்கு நிதி வழங்கிய வெள்ளையர் நிறுவனங்கள், அதனை ஒரு கல்லூரியுடன் இணைக்குமாறு வற்புறுத்தின. சங்கத்தின் சுதந்திரம் பறிபோகும் என அஞ்சிய வூட்சன் மறுத்துவிட்டார். 1930 களில் அந்நிதி நின்றுபோயிற்று. அதன் பின்னர் சங்கத்தைக் காப்பாற்றியவை கறுப்பின ஆசிரியர்களும் சாதாரண குடும்பங்களும் அனுப்பிய சிறு தொகைகளாகும். வூட்சன் திருமணம் செய்யவில்லை. வாசிங்டனில் 9 ஆவது வீதியிலிருந்த அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே வாழ்ந்தார்.

1933 இல் அவர் எழுதிய "நீக்ரோவுக்கு அளிக்கப்பட்ட தவறான கல்வி" என்ற நூல், தன்னைத் தானே இழிவாக எண்ணப் பழக்கும் கல்வியைக் கண்டித்தது. அக்காலத்தில் அவரது நூல்களைக் கற்பிப்பதும் எல்லா இடத்திலும் இலகுவாக இருக்கவில்லை. லூசியானா மாநிலத்தில் ஓர் ஆசிரியை, விதிக்கப்பட்ட பாடத்திட்டத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டு, மடியில் மறைத்து வைத்த வூட்சனின் நூலிலிருந்து வாசித்துக் காட்டுவார். மேலதிகாரி வந்தால் கண்கள் மேசைக்குச் செல்லும். அவர் போனதும் மீண்டும் மடிக்குத் திரும்பும். வேலையே பறிபோகக் கூடிய நிலையிலும் அவர் அதனைக் கைவிடவில்லை.

மறைவும் அதன் பின்னரும்

1950 ஏப்ரல் 3 ஆம் திகதி வூட்சன் தமது 74 ஆவது வயதில் காலமானார். பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது 1954 இல் ஆகும். அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. 1964 இல் மிசிசிப்பியில் உரிமைப் போராளிகள் நடத்திய விடுதலைப் பாடசாலைகளில் கறுப்பின வரலாறும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. 1970 இல் கென்ற் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அதனை மாதம் முழுவதும் கொண்டாடினர். 1976 இல் சங்கம் வாரத்தை மாதமாக விரிவாக்கியது. ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் அதற்கு அங்கீகாரம் அளித்தார். பிரித்தானியாவில் 1987 முதல் இது நடைபெற்று வருகின்றது.

மனித உரிமைகளுடனான தொடர்பு

1948 டிசெம்பர் 10 இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 2 ஆம் உறுப்புரை இனம், நிறம் முதலிய வேறுபாடுகளின்றி உரிமைகள் அனைவருக்கும் உரியவை என்கின்றது. 26 ஆம் உறுப்புரை, கல்வியானது மனித உரிமைகளுக்கான மதிப்பையும் இனங்களுக்கிடையே புரிந்துணர்வையும் வளர்க்க வேண்டும் என்கின்றது. வூட்சன் இதே நோக்கத்திற்காக 1915 முதல் உழைத்தார் என்பதை மாணவர்கள் ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

சட்டம் ஓர் உரிமையை வழங்கலாம். ஆனால் அவ்வுரிமைக்குத் தான் தகுதியுடையவன் என்று ஒரு பிள்ளை உணர்வதற்கு, தன் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அப்பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். அடுத்த வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். வூட்சனின் வாழ்க்கை தரும் பாடம் இதுவேயாகும்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1875 – பிறப்பு
1912 – கலாநிதிப் பட்டம்
1915 – சங்கம் தாபிக்கப்பட்டமை
1916 – சஞ்சிகை வெளியீடு
1926 – வரலாற்று வாரம்
1933 – கல்வி பற்றிய நூல்
1950 – மறைவு
1976 – வாரம் மாதமாக விரிவடைந்தமை

(1926, 1976 ஆகிய ஆண்டுகளை மாற்றி எழுதிவிடாதீர்கள். முதலாவது வாரம், இரண்டாவது மாதம்.)

பயிற்சி வினாக்கள்

1. வரலாற்று வாரத்துக்குப் பெப்ரவரி மாதம் தெரிவு செய்யப்பட்டமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
2. சுரங்கத் தொழிலாளருடனான வாழ்க்கை வூட்சனின் சிந்தனையில் ஏற்படுத்திய தாக்கத்தை விளக்குக.
3. நிதி நெருக்கடியின்போதும் வூட்சன் சங்கத்தின் சுதந்திரத்தைப் பேண முற்பட்டது ஏன்?
4. மனித உரிமைகளைப் பேணுவதில் வரலாற்றுக் கல்வியின் பங்கினை வூட்சனின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்க.