சேர் பொன்னம்பலம் இராமநாதனும் மகளிர் கல்வியும்

கோயில் எடுத்தல் பெரும் புண்ணியம் என்பதை நம்மவருள் அறியாதார் இலர். பெண்மக்களுக்குக் கல்விச்சாலை எடுத்தலும் அதனோடொத்த புண்ணியமே என்பதைச் செய்துகாட்டினாருள் முன்னிற்பவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களாவர். அன்னார் சரித்திரத்துள் இப்பகுதியையே ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுந்தாம்.

இவர் 1851ஆம் ஆண்டு கொழும்பிலே பொன்னம்பல முதலியாருக்குப் புதல்வராய்த் தோன்றினார். கொழும்பிலும் சென்னைப் பிரசிடென்சிக் கலாசாலையிலும் கற்று, நியாயதுரந்தரராகி, 1879இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாய்க் கடமை பார்த்தார். தந்தையார் கொச்சிக்கடையில் எடுத்த பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாற் புதுக்குவித்தவரும் இவரே.

அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பெண்மக்கள் உயர்கல்வி பெறவேண்டின் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளையே நாட வேண்டியிருந்தது. உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824இலேயே விடுதியோடு கூடிய பெண்பாடசாலை நிறுவியிருந்தனர். அவர் செய்த நன்மையை நாம் மறவோம். ஆயினும், சமயம் மாற நேருமோவென்று அஞ்சிய சைவப் பெற்றோர் பலர் தம் புதல்வியரை வீட்டிலேயே இருத்தினர். அவ்வச்சத்துக்கு விலை கொடுத்தவர் பெற்றோரல்லர். எழுத்தறியாது வளர்ந்த பெண்மக்களே.

இக்குறையை நீக்கக் கருதிய இராமநாதன் அவர்கள் தமது சொந்தப் பொருளைச் செலவிட்டு, மருதனார்மடத்திலே 1913ஆம் ஆண்டு இராமநாதன் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். சைவ ஒழுக்கத்தினின்றும் வழுவாது ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பதற்கு அங்கே விடுதி வாழ்வும் அமைந்தது. இலண்டனிலே நாடக அரங்கிற் புகழ்பெற்றிருந்த புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில மாது அதன் முதல் தலைவியாய் வந்து தொண்டாற்றி, 1917இற் கொழும்பிலே காலமாயினார். பின்னாளில் இராமநாதனாரின் பாரியார் லீலாவதி அம்மையார் அக்கல்லூரியைத் தம் வாழ்வாகவே கொண்டு பேணினார். ஆண்மக்களுக்கென 1921இல் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் உதயமாயிற்று.

பெரியோர் சரித்திரத்தில் நிறைவோடு குறைவையுங் கூறுதல் நீதியாம். டொனமூர் ஆணைக்குழுவினர் வந்தபோது, மகளிர்க்கும் எளியோர்க்கும் வாக்குரிமை வழங்குவதை இவர் வன்மையாய் எதிர்த்தார். கல்விக்கண்ணைத் திறந்த கையே உரிமைக்கதவை அடைக்க முயன்றது. அக்கதவோ 1931இல் திறந்தது. கற்ற பெண் தன் கருத்தைத் தானே உரைப்பாள் என்பதை அவர் எண்ணினாரில்லை. ஆயினும், அவ்வாறு உரைக்கும் ஆற்றலை அளித்தது அவர் எடுத்த கல்லூரியன்றோ?

1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி அவர் சிவபதமடைந்தார். அவர் சமாதி அக்கல்லூரி வளவிலேயே அமைந்து, இராமநாதேசுவரமென விளங்குகின்றது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் நாம் இச்சரித்திரத்தை ஏன் நினைக்கவேண்டும்? 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டில்களிலும் மரநிழலிலும் இருந்து கற்றதை நாம் கண்டோம். 2009இல் வித்தியாசாலைகள் பல இடிந்து கிடந்ததையுங் கண்டோம். கட்டடங்கள் மீண்டும் எழுந்தன. எனினும், வறுமையால் இடையிலே கல்வியை நிறுத்தும் பெண்பிள்ளை நம் அயலிலே ஒருத்தி இருப்பின், நம் கடன் தீர்ந்ததாகாது. கல்லூரி கட்டும் பொருள் நம்மிடத்து இல்லையாயினும், ஒரு பெண்பிள்ளையின் புத்தகத்துக்கும் பிரயாணத்துக்கும் உதவும் பொருள் நம்முள் பலரிடத்தும் உண்டு. அதனைச் செய்வோமாக.