நாளைக்கென ஒதுக்காத வாழ்வு



2007ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வலப்பனைப் பகுதியில் ஏற்பட்ட மண்சரிவுகள் பல உயிர்களைக் காவுகொண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகம் அதே துயரத்தைக் கண்டது. உறவுகளை இழந்தோரின் கண்ணீர் எளிதில் காய்வதன்று. மலை சரியும் அச்சம் சூழ்ந்த அந்நேரத்தில் உங்கள் கரங்கள் எதைத் தேடின? பெட்டியையா, பிள்ளையையா? நமக்கு எது பெரிது என்பதை அந்த ஒரு நிமிடம் நமக்கே உணர்த்திற்று. ஆயினும் மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் அதை மறந்துவிடுகிறோம். அத்தெளிவோடு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்த ஒருவரை இன்று தியானிப்போம்.

அவரே இலங்கையின் திருத்தூதரான புனித யோசேவாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனவுலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். கோவாவில் ஓரட்டரி சபைக் குருக்கள் அவரைத் தங்கள் தலைவராகத் தெரிவுசெய்தனர். மதிப்பும் பாதுகாப்பும் நிறைந்த வாழ்வு அங்கே அவருக்குக் காத்திருந்தது. ஆனால், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டு, குருவுமின்றித் திருப்பலியுமின்றித் தவித்த இலங்கை மக்களின் நிலை அவர் உள்ளத்தை வருத்தியது. பதவியைத் துறந்தார். 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார்.

வந்தவரைக் கொடிய வயிற்றுநோய் சாவின் விளிம்புக்கே கொண்டுசென்றது. அந்நோயினின்று எழுந்தவர், எஞ்சிய நாட்களைத் தமக்கெனச் சேமித்துவைக்கவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இத்தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவாக இருந்தார். பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுவீடாகச் சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறையிலடைத்தார்கள். அங்கும் காலத்தை வீணாக்காது சிங்கள மொழியைக் கற்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வலப்பனை மலைகளும் கண்டி இராச்சியத்துக்குள் அடங்கியிருந்த காலம் அது. இலங்கையில் வணிக முறையில் தேயிலை நாட்டப்படுவதற்கு 170 ஆண்டுகள் முந்திய காலம். அரசனும் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டனர். அடிகளாரும் நகரை நீங்கியிருக்கலாம். உயிரோடிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் மறைப்பணி செய்யலாமே என்று தமக்குத்தாமே நியாயமும் கூறியிருக்கலாம். ஆனால் அவர் நீங்கவில்லை. துணைக்குருவான யோசே கர்வாலியோ அடிகளாரோடு, கைவிடப்பட்டோருக்கு உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பிற்காலத்தில் ஆயர் பொறுப்பை ஏற்குமாறு அழைக்கப்பட்டபோதும் தாழ்மையோடு மறுத்துவிட்டார்.

ஓயாத நடைப்பயணங்களால் உடல் தளர்ந்து, 1711 சனவரி 16இல் தம் 59ஆவது வயதில் கண்டியில் உயிர்நீத்தார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவேயில்லை. வாழ்நாளெல்லாம் அசட்டை செய்ததை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே உடனிருந்தோருக்கு அவர் விட்டுச்சென்ற அறிவுரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்தவர்களே, விடியலில் பிரட்டுக்களத்துக்குச் சென்று, மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் உங்களுக்கு, நாளின் பெரும்பகுதி உங்களுடையதன்று என்பதை நான் அறிவேன். நேரமில்லை என்று நீங்கள் கூறுவது பொய்யுமன்று. ஆனால் யோசேவாஸ் அடிகளாருக்கும் பகல்கள் சொந்தமாயிருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தவை இரவுகளே. கிடைத்ததைக்கொண்டே அவர் ஒரு திருச்சபையை உயிர்ப்பித்தார்.

உங்களுக்கும் ஒரு மாலைப்பொழுது எஞ்சியிருக்கிறது. அந்த நேரத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் முழுமையாக விழுங்கிவிட விடுவீர்களா? அடுத்த காம்பராவில் நோயுற்றுக் கிடக்கும் முதியவரைப் பார்க்க எத்தனை நாட்களாக எண்ணியிருக்கிறீர்கள்? கொழும்பில் வேலை செய்யும் மகனோடு, வெளிநாட்டில் உழைக்கும் மகளோடு மனந்திறந்து பேசி எவ்வளவு காலமாயிற்று? வீட்டுக் கூரைக்காகவோ துண்டு நிலத்துக்காகவோ பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பு, உங்கள் சவப்பெட்டியருகே வந்து அழுவதனால் யாருக்குப் பயன்? களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனுக்கு அந்த இரவே இறுதியாயிற்று என நற்செய்தி எச்சரிக்கிறதன்றோ?

நம் நாட்களை நீட்டும் வல்லமை நம்மிடம் இல்லை. இன்றைய நாளை எதற்குக் கொடுப்பது என்னும் தெரிவு மட்டும் நம்மிடம் உண்டு. ஆதலால், மரணப்படுக்கையில் செய்ய விரும்பும் ஒரு நற்செயலை இன்றிரவே செய்யுங்கள். குடும்ப செபமாலை முடிந்ததும் எழுந்து சென்று, அந்த ஒரு கதவைத் தட்டுங்கள்.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.