பெய்டன் ரவுஸ்: 87 வயதில் நோபல் வாங்கியவர் கடைசிவரை நம்பாத மரபணு!

1909. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு கோழி வந்து சேர்ந்தது. மார்பில் பெரிய கட்டி. அதைக் கையில் எடுத்தவர், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெய்டன் ரவுஸ்.

1879-ல் பால்டிமோரில் பிறந்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோது பிரேதப் பரிசோதனையில் விரலில் வெட்டுப்பட்டு, காசநோய் தொற்றிக்கொண்டது. டெக்சாஸுக்குப் போய் ஒரு வருடம் பண்ணையில் மாடு மேய்த்தார். நிஜமாகவே! திரும்பி வந்து டாக்டர் ஆனாலும், நோயாளிகளைப் பார்ப்பது தனக்குச் சரிப்படாது என்று ஆய்வகத்துக்குள் போய்விட்டார்.

கோழியின் கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டால், அவற்றுக்கும் கட்டி வந்தது. அப்படின்னா காரணம் பாக்டீரியாவைவிடச் சின்னது, அதாவது வைரஸ். 1911-ல் இதை வெளியிட்டார்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலிகளில் அதே சோதனை பலிக்கவும் இல்லை. சில வருடங்களில் ரவுஸே அதை ஓரம்கட்டிவிட்டு ரத்தத்தைக் கெடாமல் வைக்கும் வழியைத் தேடினார். அந்தச் சிட்ரேட்-சர்க்கரைக் கரைசல்தான் முதல் உலகப் போரில் ரத்தத்தைச் சேமித்து வைக்க உதவியது. அது ஒன்றே ஒருவருக்குப் போதும்!

1966-ல், 87 வயதில், கோழி ஆய்வுக்காக நோபல் கிடைத்தது. 55 வருடக் காத்திருப்பு. மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963-லேயே நோபல் வாங்கி மாமனாரை முந்தியிருந்தார்.

கதை திரும்புவது இங்கேதான்

உடலின் சொந்த மரபணுக்கள் மாறுவதால் புற்றுநோய் வருகிறது என்ற கருத்தை ரவுஸ் ஏற்கவே இல்லை. நோபல் உரையிலும் அதை எதிர்த்தார். 1970 பிப்ரவரியில் இறந்துபோனார்.

அதே வருடம், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீவன் மார்ட்டின், ரவுஸின் வைரஸிலேயே ஒரு விசித்திர வகையைக் கண்டுபிடித்தார். இந்த வைரஸ் தொற்றிய கோழி செல்கள் 36 டிகிரியில் புற்றுநோய் செல்கள் போல மாறின. 41 டிகிரிக்குச் சூடாக்கினால் சாதாரண செல்கள் ஆகிவிட்டன. குளிரவைத்தால் மறுபடி பழைய கதை. லைட் சுவிட்ச் மாதிரி! வைரஸின் ஒரு மரபணுதான் அந்த சுவிட்ச் என்பது புரிந்தது. அதன் பெயர் 'சர்க்'.

1976-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிஷப், வார்மஸ் குழு இன்னொரு குண்டு போட்டது. சர்க் வைரஸின் சொத்தே இல்லை. ஆரோக்கியமான கோழியின் செல்லிலேயே அது இருக்கிறது. வைரஸ் எப்போதோ அங்கிருந்து திருடிக்கொண்டது. ரவுஸ் மறுத்த கருத்துக்கு, அவர் கண்டுபிடித்த வைரஸே சாட்சி. (பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989-ல் நோபல்.)

இந்த மரபணுவை அடக்கினால் என்ன ஆகும்?

சர்க் மரபணு உருவாக்கும் புரதம், 'வளரு, நகரு, சாகாதே' என்ற கட்டளைகளைச் செல்லுக்குள் கடத்துகிறது. இப்போது வெப்பம் தேவையில்லை. சிறிய ஆர்.என்.ஏ துண்டுகளை அனுப்பி, மரபணுவின் செய்தி புரதமாக மாறும் முன்பே சிதைத்துவிடலாம். ஆய்வகத்தில் இப்படிச் செய்தபோது பல வகைப் புற்றுநோய் செல்களின் பெருக்கம் குறைந்தது, நகர்வதும் குறைந்தது.

சாவு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சாதாரண செல் தன் இடத்திலிருந்து பிய்ந்துவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சர்க் அதிகமாக வேலை செய்யும் புற்றுநோய் செல் பிய்ந்தாலும் பிழைத்து, வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறலாம். சர்க்கை அடக்கினால், சில புற்றுநோய் செல்களுக்கு அந்தச் சாகும் வழக்கம் திரும்புகிறது.

எல்லாவற்றிலும் இது நடப்பதில்லை. சர்க் போனால் அதன் உறவுக்கார மரபணுக்கள் வேலையை எடுத்துக்கொள்வதும் உண்டு. சர்க் புரதத்தைத் தடுக்கும் டாசாட்டினிப் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு. அங்கேயும் அதன் முக்கியக் குறி வேறொரு புரதம். கட்டியாக வளரும் புற்றுநோய்களில் சர்க்கை மட்டும் தடுக்கும் மருந்துகள் இதுவரை பெரிதாகப் பலன் தரவில்லை.