தங்க வாட்ச்சை வேண்டாம் என்ற காந்தி, எந்த வாட்ச்சை வைத்துக்கொண்டார்?

1934 ஜனவரியில் ஹரிஜன நிதி திரட்ட, ஆனைக்குட்டம் பக்கத்தில் இருக்கும் சிவகாசி, விருதுநகர் ஊர்களுக்கு வந்தார் காந்தி. அந்தச் சுற்றுப்பயணத்தில் பரிசாக வந்த பொருட்களை மேடையிலேயே ஏலம் விட்டு, பணத்தை நிதியில் சேர்ப்பார். இது அவருக்குப் புதுசு இல்ல.

1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பியபோது, நேட்டால் இந்தியர்கள் தங்க வாட்ச், சங்கிலி, வைர மோதிரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கு 50 கினி மதிப்புள்ள தங்க நெக்லஸ். அன்று ராத்திரி காந்திக்குத் தூக்கமே வரல. பொதுச்சேவைக்காகக் கிடைத்ததை வீட்டில் வைக்கலாமா?

பார்சி ருஸ்தம்ஜி உள்ளிட்டோரை அறங்காவலர்களாக்கி, எல்லாவற்றையும் சமூகத்துக்கே எழுதிவைக்க முடிவெடுத்தார். பிள்ளைகள் சம்மதித்தார்கள். கஸ்தூரிபா விடல. நாளைக்கு மருமகள்கள் வந்தால் நகை வேண்டாமா, அந்தச் சேவையில் தன் உழைப்பும் இல்லையா என்று அழுதபடி கேட்டார். கடைசியில் காந்தி நினைத்தபடியே பரிசுகள் வங்கிக்குப் போயின.

ஆனா நேரம் தவறாமையில் காந்தி ரொம்ப கறார். அதனால் வேலைக்கு உதவுற வாட்ச்சை மட்டும் விடல. இந்திரா காந்தி கொடுத்த ஜெனித் பாக்கெட் வாட்ச்சில் அலாரம் உண்டு. இடுப்பில் தொங்கும். 1947-ல் ரயிலில் திருடுபோனபோது ரொம்ப வருந்தினார். சில மாதம் கழித்து திருடியவரே கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அதைப் பேத்தி முறையான ஆபாவுக்குக் கொடுத்துவிட்டார்.

2009-ல் நியூயார்க் ஏலத்தில் அந்த வாட்ச், கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் சேர்ந்து 18 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் விஜய் மல்லையா.